சுவரக்கா நினைவுக் கூடம்

பள்ளி விட்டதும், கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்துகொண்டு ஆளில்லாத வீட்டுக்குள் போவாள் அந்தச் சிறுமி. அதனால் தெருவில் அவளுக்குச் சாவி என்றே பெயர். அம்மா வேலையிலிருந்து வர ஆறு மணியாகும். அதுவரை அவளுக்குப் பேச்சுத்துணை சுவர்க்கடிகாரம்தான். அதுவும் ஒரே பேச்சைத்தான் பேசும்.

அதே மூன்றாம் மாடியில், எதிர்வீட்டில் ஓர் அத்தை தனியாக இருந்தார். ஒரு காலத்தில் பெயர்போன ஹாக்கி கோல்கீப்பர். அவரைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் ஊரே அவரைச் சுவரக்கா என்றது. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபின், இரண்டு வருடமாகப் படியிறங்கவில்லை. பால்காரரையும் சாவியையும் தவிர அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை.

ஒருநாள் பள்ளியிலிருந்து வரும் வழியில், தெருக்கோடியில் புதிதாகக் கட்டிய சமூகக்கூடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள் சாவி. ‘சுவரக்கா நினைவுக் கூடம்’ என்று எழுதியிருந்தது.

பலகைக்குக் கீழே நின்ற பெயின்டரிடம் ஓடினாள்.

“அண்ணா, நினைவுன்னு செத்துப்போனவங்களுக்குத்தானே போடுவாங்க?”

“ஆமா, அதனாலதான் போட்டிருக்கேன்,” என்றார் பெயின்டர், தூரிகையைத் துடைத்தபடி.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்களாம். எப்போதும் மூடிக் கிடக்கும் கதவைப் பார்த்து மற்றவர்களும் நம்பிவிட்டார்களாம். நாளைக்குத் திறப்பு விழாவாம்.

சாவி ஓடிப்போய் அத்தையிடம் சொன்னாள். அத்தை முதலில் சிரித்தார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“நான் உயிரோட இருக்கேன்னு நானே போய்ச் சொல்லணுமா? வெட்கமா இருக்குடி. நீயும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சரியா?”

சாவி தலையாட்டினாள். வீட்டுக்குள் ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது?

யோசித்துக்கொண்டே மறுபடி கூடத்துக்கு வந்தாள். அங்கே கூடத்தைக் கட்டிய தெருச் சங்கத்தின் தலைவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். சுவரில் மாட்ட அக்காவின் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம்.

“படம் கிடைக்கிற இடம் எனக்குத் தெரியும் மாமா. வாங்க,” என்றாள் சாவி. அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கு வாக்குதானே?

தலைவர் மூச்சு வாங்க மாடியேறினார். சாவி கதவைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். கதவு திறந்தது. தலைவர் திருதிருவென விழித்தார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சின்ன வயசுல என் கோலுக்கு இடது பக்கமே பந்தடிச்சு ஏமாந்து போவானே, அவன்தானே நீ?”

“ஆமாக்கா.” தலைவர் கைகூப்பினார். “உங்க படம் ஒண்ணு கேட்டு வந்தேன். எங்களை மன்னிச்சிடுங்கக்கா.”

அத்தை சாவியைப் பார்த்தார். சாவி ஒன்றும் அறியாதவள்போல் கூரையைப் பார்த்தாள்.

“படம் எதுக்குடா? நானே வர்றேன்.”

அன்றே பெயின்டர் முணுமுணுத்துக்கொண்டே பலகையில் ஒரு சொல்லை அழித்தார். மறுநாள் தலைவர் ஒரு கையையும் சாவி மறு கையையும் பிடித்துக்கொள்ள, அத்தை ஒவ்வொரு படியாக இறங்கினார். அரைமணி நேரம் ஆனது. கடைசிப் படிக்கு அவர் வந்தபோது, அந்தக் கட்டடத்தில் ஒரு கதவுகூட மூடியிருக்கவில்லை.