ஒன்பது நிமிட மௌனம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகக் கதவைத் திறந்தேன். அலுவலகம் என்பது பேச்சுக்குத்தான். யாரோ ஒருவருடைய பூர்வீக வீடு. வரிசையாக மூன்று அறைகள், எந்நேரமும் ஈரச்சுவர் வாசனை. முன்னறையில் கடிதங்கள், நடு அறையில் பழைய டேப்புகள், கடைசி அறையில் நானும் என் ஸ்பீக்கர்களும். வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலைச் செங்கல்லால் அடைத்துச் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்திருந்தார்கள். பட்டப்பகலிலும் அங்கே விளக்குப் போட வேண்டும்.

நாட்டுப் பாடல்களைத் தேடிப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிடுவது எங்கள் வேலை. லாப நோக்கம் இல்லாத நிறுவனம் என்று பலகையில் எழுதியிருக்கும். என் நாற்காலிக்கு முதுகு இல்லாததைப் பார்த்தாலே அது விளங்கிவிடும்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். முன்பு இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டுமே ஐந்தாம் மாதத்தில் போனவை. ஆகவே அந்த நாட்களில் எனக்கு எல்லாமே பயம். மாடிப்படி பயம், தும்மல் வந்தால் பயம், வயிற்றுக்குள் அசைவு இருந்தால் பயம், இல்லாவிட்டால் அதைவிடப் பயம். கையிலிருக்கும் ஒரே ஒரு தட்டை முடித்துவிட்டு விடுப்பில் போவதாக ஏற்பாடு.

அந்தப் பதிவைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர்சுற்றி அண்ணன். அவர் காலில் சக்கரம். மைக்கும் பெட்டியுமாக எங்கெங்கோ அலைவார். இந்த முறை, கயிறு திரிக்கிற ஒரு பெண்ணை அவள் வீட்டில் தனியாக உட்காரவைத்துப் பாடவைத்திருந்தார். பிறக்காமலே போய்விட்ட பிள்ளையைக் கூப்பிடுகிற பாட்டு. ஒரு அடி பாடுவாள். ஏழு நொடி சும்மா இருப்பாள். பிறகு அடுத்த அடி. இப்படியே முப்பத்தோரு நிமிடம்.

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிடம் கொள்ளும். அதற்கு மேல் நெருக்கினால் ஒலி மெலிந்துவிடும். மறுபக்கத்தை வேறு பாட்டுகளுக்கு ஒதுக்கியாகிவிட்டது. ஒன்பது நிமிடத்தை எங்காவது குறைத்தாக வேண்டும். பாட்டில் ஒரு அடியைக்கூட வெட்ட எனக்குக் கை வரவில்லை. அந்த மௌனங்களை வெட்டினேன். எழுபத்தேழு இடங்களில், ஏழேழு நொடி. இந்தத் தொழிலில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வெட்டியதைத் தூக்கி எறியும் முன் துண்டுகளை எல்லாம் ஒட்டி ஒருமுறை கேட்பது என் வழக்கம். பாடுகிறவரின் மூச்சு எதுவும் தவறிப்போய் அதில் சேர்ந்திருக்கக் கூடாது அல்லவா? ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

டேப்பின் இரைச்சல். தூரத்தில் ஒரு காகம். கயிற்றுநார் உரசுகிற சத்தம்.

"ம்."

கதை கேட்கிற குழந்தை ம் கொட்டுமே, அந்த ம்.

நிறுத்தினேன். பாட்டோடு கேட்டபோது பாடகியின் குரல் தேய்கிற கார்வைக்கு அடியில் அது மறைந்திருந்திருக்கிறது. பாட்டை எடுத்ததும் தனியாகத் தெரிகிறது. யாரோ பக்கத்துவீட்டுப் பிள்ளை எட்டிப்பார்த்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தொடர்ந்தேன்.

"ம்."

ஒவ்வொரு துண்டிலும் ஒன்று. இருபதாவதில் அது அறை வாசலில் இருந்தது. நாற்பதாவதில் பாடகியின் பக்கத்தில். அறுபதாவதில் மைக்குக்கு நேர் எதிரே. அதன் மூச்சில் ஈரம் இருந்தது எனக்குக் கேட்டது.

எழுபத்தேழாவது துண்டில் ம் இல்லை.

யாரோ பேசப்போகிறவர் மூச்சை இழுப்பதுபோல ஒரு சத்தம். அதோடு டேப் முடிந்துவிட்டது.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஊர்சுற்றி அண்ணனுக்குப் போன் போட்டேன். பேருந்தில் இருந்தார்.

"அண்ணே, அந்தக் கயிறு திரிக்கிற அம்மா பாடும்போது கூட யாராச்சும் இருந்தாங்களா?"

"யாரும் இல்லம்மா. கதவச் சாத்திட்டுதான் எடுத்தேன். ஏன், கோழி கத்துதா?"

"குழந்தை யாராச்சும்?"



"அந்த வீட்ல குழந்தையே கிடையாதும்மா. நாலு தடவ உண்டாகி நாலும் தங்கலயாம்." குரலைத் தாழ்த்தினார். "கிளம்பும்போது அந்தம்மா ஒண்ணு சொல்லிச்சு. நடுவுல நான் சும்மா இருக்கிற இடத்த மட்டும் எடுத்துடாதீங்க, அது அங்கதான் இருக்கு, இடம் இல்லாம போச்சுன்னா வேற இடம் தேடிக்கும்னு. பெட்டி மேல எழுதி ஒட்டணும்னுதான் நெனச்சேன். மறந்துட்டேன்."

"அண்ணே, நான் வெட்டிட்டேன்."

"அய்யோ," என்றார்.

ஒரு காதில் வாங்கி மறுகாதில் விடுகிறவரை நம்பி நான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லா மௌனங்களையும் அதனதன் இடத்தில் திரும்ப வைத்தேன். எழுபத்தேழும் சரியாகப் பொருந்தின. முதலிலிருந்து ஓடவிட்டேன்.

அவள் பாடினாள். சும்மா இருந்தாள். காகம் கத்தியது. நார் உரசியது.

யாரும் ம் கொட்டவில்லை.

கடைசிவரை கேட்டேன். எல்லாத் துண்டுகளும் காலி. பாடகி மட்டும் யாரும் இல்லாத அறையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஸ்பீக்கரை அணைத்தேன். பஞ்சு வைத்த அறையில் சத்தம் எதிரொலிக்காது. நாம் பேசுவதே வாயை விட்டு வெளியே போகாத மாதிரி இருக்கும்.

"எங்க போச்சு?" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"ம்."

முதுகுப் பக்கம் இல்லை. ஸ்பீக்கரில் இல்லை. அது மிகவும் கிட்டத்தில் இருந்தது.

கைப்பையைக்கூட எடுக்காமல் வெயிலுக்கு ஓடிவந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பேய் பிசாசெல்லாம் சிரிப்பு. மாலையில் துணி மடித்துக்கொண்டே தன் மேலதிகாரியின் அட்டகாசங்களை விவரித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நடுவில் நிறுத்தினார்.

"இன்னிக்கு என்ன, இவ்வளவு பொறுமையா கேக்குற? சொல்ற ஒவ்வொண்ணுக்கும் ம் கொட்டுற?"

நான் வாயைத் திறக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க வயிற்றில் அசைவு இல்லை. பக்கவாட்டில் படுத்துப் பார்த்தேன், நடந்து பார்த்தேன், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன். முன்பு இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் வயிற்றில் ஜெல்லைத் தடவி, துடிப்புக் கேட்கிற சின்னக் கருவியை வைத்தார். வெறும் இரைச்சல் வந்தது. சத்தத்தைப் பிரித்துக் கேட்டே பிழைக்கிறவள் நான். அந்த இரைச்சலுக்குள் ஒன்றுமில்லை என்று அவருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

கருவி இடம் மாறியது. இடது பக்கம். கீழே. மறுபடியும் நடுவில்.

"கொஞ்சம் மூச்சைப் புடிச்சுக்கோங்கம்மா," என்றார் டாக்டர். அவர் குரல் இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் என் விரல்களை நெரித்தார்.

ஒன்றுமில்லை.

கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அந்தக் கயிறு திரிக்கிறவள் எதற்காக அப்படிப் பாடினாள் என்று எனக்குப் புரிந்தது. பயம் போகவில்லை. உள்ளங்கால்வரை பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வெறும் கையோடு மூன்றாவது முறை வீட்டுக்குப் போக என்னால் முடியாது.

வயிற்றின் மேல் கையை வைத்தேன்.

"யாரா இருந்தாலும் சரி," என்று கிசுகிசுத்தேன். "இருக்கியா?"

ஏழு நொடி. நான் எண்ணினேன்.

"ம்."

அதன் பின்னாலேயே இதயத்துடிப்பு ஆரம்பித்தது.

"இதோ பாருங்க! ஒளிஞ்சுக்கிட்டு நம்மள எவ்வளவு பயமுறுத்திடுச்சு," என்று டாக்டர் சிரித்தார். வீட்டுக்காரர் குழந்தைபோல விசும்பி அழுதார். "அம்மா குரல் கேட்டதும் எப்படி ஓடி வருது பாத்தீங்களா?" என்று டாக்டர் ஒலியைக் கூட்டி வைத்தார்.

சீராக, பலமாக, அறை முழுக்கக் கேட்டது. நானும் சிரிக்க முயன்றேன். இரண்டு மாதமாக ஒவ்வொரு தடவை வரும்போதும் இதே கட்டிலில் படுத்து என் பிள்ளையின் துடிப்பைக் கேட்டிருக்கிறேன். அதன் நடை எனக்கு மனப்பாடம்.

இது அந்தத் துடிப்பு இல்லை.