உரிக்காமல் விட்ட பாலாடை

2025 செப்டம்பர் 14, ஞாயிறு.

நேற்று படப்பிடிப்பு முடிந்ததும், எங்கள் படத்தில் நடிக்கும் மாரிக்கனியின் கையில் ஒட்டியிருந்த பாலாடையை உரிக்காமல் அவனை வீட்டுக்கு அனுப்பியது என் தவறு. இன்றும் அதே காட்சிதான், மறுபடி ஒட்டினால் கேமராவில் வித்தியாசம் தெரியும் என்று நினைத்தேன். சோம்பல் என்றும் சொல்லலாம்.

மாலை வகுப்பில் எடிட்டிங் படிக்கிற நாங்களே சேர்ந்து எடுக்கும் குறும்படம் இது. விண்கல்லோடு விழுந்த ஏதோ ஓர் உயிர் மனிதர்கள்மேல் தோலாகப் படர்கிறது. அந்தத் தோலைச் செய்வது என் வேலை. மடவார் வளாகம் கோயில் பக்கம் என் சித்தப்பா பால்கோவா போடுகிறார். கிண்டாமல் விட்ட பாலில் படிந்த ஆடையை அள்ளி, ராஜபாளையம் தறியில் நெய்த பேண்டேஜ் துணியில் அடுக்கடுக்காக ஒட்டி, அதை அவன் முழங்கை வரை சுற்றியிருந்தேன். அசல் தோல் மாதிரியே இருந்தது.

இன்று மதியம், ராஜபாளையத்தில் நாங்கள் படமெடுக்கும் பழைய தறிக்கூடத்தின் தகரக் கதவைத் தள்ளியதுமே, புளித்த பாலும் குழந்தை கக்கியதும் நனைந்த நாயும் ஒன்றாகக் கலந்தது போன்ற ஒரு வாடை தொண்டைக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. மாரிக்கனி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வருகிற புதன்கிழமை அவனுக்குப் போலீஸ் உடல்தகுதித் தேர்வு. இரண்டு வருடமாக அதற்காகத்தான் ஓடுகிறான்.

"ஏட்டி சிவரஞ்சனி, இத உரிச்சு விடு. நேத்து சட்டைக்குள்ள மறச்சுட்டேன், இன்னிக்கு எங்கம்மா பாத்துச்சுன்னா வெளக்கமாத்தத் தூக்கிரும்."

"வலிக்குதா?"

"வலிச்சாத்தான் பரவால்லயே. ஒண்ணுமே தெரியல."

படத்தை இயக்கும் விஜயபாண்டி லென்ஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "ஏலே, செத்த நேரம் அப்படியே இரு. ஒத்த ஷாட்டு. நீ போலீஸாகி யாரப் பிடிக்கப் போற, ஈயவா?"

ஈக்கள் உண்மையிலேயே மொய்த்துக்கொண்டிருந்தன. உட்கார்ந்தவை எழவில்லை. கால்கள் மெல்லப் புதைந்தன. மேலே ஆடை மூடியது.

வெந்நீரில் துணியை நனைத்து, ஆடை முடியும் விளிம்பைத் தேடினேன். முழங்கையில் இல்லை. சட்டைக் கையைத் தூக்கினேன். தோளிலும் இல்லை. அதன்மேல் பூனைமயிர் முளைத்திருந்தது. கத்தரிக்கோலால் லேசாக வெட்டினேன். வெதுவெதுப்பாக, வெள்ளையாக, கெட்டியாக வழிந்தது. ஒரு துளி என் உதட்டில் தெறித்தது.

இனித்தது.

மூலையில் போய் வாந்தியெடுத்தேன். திரும்பி வந்தபோது வெட்டிய இடம் சுருக்கம் விழுந்து மூடியிருந்தது. விரலால் அழுத்தினேன். உள்ளே போனது. எலும்பு இல்லை.

"அம்மாகிட்ட சொல்லிராத," என்றான். அதற்குள் அவன் உதடுகளுக்கு இடையே மெல்லிய ஆடை படிந்துவிட்டது. மூச்சு அதை உப்பவைத்தது. தணிந்தது. உப்பியது.

விஜயபாண்டி 108-க்குப் போன் செய்தான். எதிர்முனையில் கேட்டதும் போனை என்னிடம் நீட்டினான். நான் வாங்கிப் பேசினேன். இரண்டு பேர் வந்தார்கள். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

சட்டை மட்டும் வந்தது.

மற்றதெல்லாம் சிமெண்டுத் தரையில் படர்ந்து கிடக்கிறது. இளமஞ்சள். நடுவில் அவன் தலைச்சுழி. ஏறி இறங்குகிறது. மெதுவாக. சீராக. தூங்குகிறவனைப் போல. வந்தவர்கள் வாசலில் நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருக்கிறார்கள். உள்ளே போக யாருக்கும் மனம் வரவில்லை.

நாளை காலை முதல் வேலை: மாரிக்கனியின் அம்மாவைப் பார்த்து, புதன்கிழமைத் தேர்வுக்கு அவன் போக மாட்டான் என்று சொல்ல வேண்டும்.