முதுகுக்குப் பின்னால் வரும் பந்து

சந்தியாவுக்குப் பிடரி கூசியது. நேற்றுப் பயிற்சியில் பந்து பட்ட இடம் அது. அடித்தது எதிராளி இல்லை. அவளுடைய சொந்த ஜோடி, தமிழ்மொழி!

இரட்டையர் டென்னிஸில் இது ஒரு வம்பு. ஒருத்தி பின்னால் கோட்டருகே நின்று சர்வீஸ் போடுவாள். இன்னொருத்தி வலைப் பக்கத்தில் முன்னால் நிற்பாள். முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறதென்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் மூக்கு போய்விடும்!

கள்ளக்குறிச்சி மைதானத்தில் எதிரே நின்றவர்கள் சின்னசேலத்துப் பெண்கள். அவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் போதும். சந்தியாவும் தமிழ்மொழியும் போட்டியிலிருந்து வெளியே.

தொப்!

சந்தியா துள்ளி விலகினாள். தமிழ்மொழி அடித்த பந்து வலையைக்கூட எட்டாமல் அவள் காலருகே விழுந்து உருண்டது.

"முதல் சர்வீஸ் போச்சு. இன்னும் ஒரு வாய்ப்புதான். சீக்கிரம்!" என்றார் நடுவராக இருந்த ராதிகா டீச்சர்.

சந்தியா பின்னால் தமிழ்மொழியிடம் ஓடினாள். "இன்னாடி, பந்து வலையக்கூட எட்டல?"

"உன் கழுத்து சிவந்து போச்சே, அதுவே கண்ணுல நிக்குதுடி. மறுபடியும் உன்ன அடிச்சிட்டா? தோத்துட்டு வூட்டுக்குப் போயிடலாம்."

தனக்கு மட்டும்தான் பயம் என்று சந்தியா நினைத்திருந்தாள். இவளுக்கு அதைவிட ஜாஸ்தி!

"நேத்து வேகமாவா அடிச்ச?"

"இல்லடி. மெதுவாத்தான்."

சந்தியா தரையில் கிடந்த பந்தைப் பார்த்தாள். இதுவும் மெதுவாக வந்ததுதான். மெதுவான பந்து பாதி வழியிலேயே தாழ்ந்துவிடுகிறது. வேகமான பந்தோ தாழ்வதற்குள் வலையைத் தாண்டிவிடும்.

"அப்போ நீ பயந்தாத்தான் எனக்கு அடி விழுது! நல்லா வீசி அடி. நான் வலையவிட கீழ குந்திக்கறேன். வலைய தாண்டுற பந்து என் தலைய எப்படித் தொடும்?"

"தாண்டலன்னா?"

சந்தியா வலைப் பக்கம் திரும்பினாள். "தாண்டலன்னா... ஐஸ் வெச்சிக்கலாம்."

வலையருகே போய்க் குந்தினாள்.

"தவளை மாதிரி குந்திக்கினு இருக்கா பாரு!" என்று எதிர்ப் பக்கத்தில் சிரித்தார்கள்.

பின்னால் தமிழ்மொழி பந்தைத் தரையில் தட்டினாள். டக். டக். பிறகு சத்தமே இல்லை. கழுத்தைக் கையால் மூடிக்கொள்ளலாமா? மூடினால் தமிழ்மொழி பார்ப்பாள். மறுபடியும் பயப்படுவாள். சந்தியா இரண்டு கைகளாலும் மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பட்!

தலைக்கு மேல் விர்ரென்று காற்று போனது. பந்து எதிர்க் கட்டத்துக்குள் விழுந்து சீறியது. சின்னசேலத்துப் பெண் எப்படியோ மட்டையை நீட்டினாள். பந்து சோம்பலாக மேலே எழும்பியது. சந்தியா எழுந்து, காலியாக இருந்த மூலையில் அதைத் தட்டிவிட்டாள்.

"புள்ளி இவங்களுக்கு! ஆட்டம் முடியல!" என்றார் டீச்சர்.

அதற்குள் தமிழ்மொழி அடுத்த பந்தைக் கையில் எடுத்திருந்தாள்.

"குந்துடி சீக்கிரம்! இது இன்னும் வேகமா வருது!"

எதிர்ப் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. இருவரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.