கண் சிமிட்டியவர்கள்

அப்பாவின் கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் படத்தைத் திறந்துவிட்டு, மிளகு ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாள். அப்போதும் திரையில் மாப்பிள்ளையின் தலை மட்டும்தான் வந்திருக்கும்.

"மாப்பிள்ளை தலை வந்தாச்சு. கழுத்து இன்னும் வரலப்பா!" என்று குரல் கொடுப்பாள்.

"பொண்ணு வர்றதுக்குள்ள நான் கிழவனாயிடுவேன்," என்று அப்பா பெருமூச்சு விடுவார்.

அப்பா புகைப்படக்காரர். வீட்டின் முன்னறைதான் அவருடைய ஸ்டூடியோ. உருவம் சிறிது, பேச்சு சுருக்கென்று இருக்கும் என்பதால், பத்து வயது மகளுக்கு அவர் வைத்த செல்லப் பெயர் மிளகு.

அம்மா நர்ஸ். தொலைதூர நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வருட வேலைக்காகப் போயிருந்தார். ஏழு மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

மிளகுக்கு ஒரு கவலை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, காலையில் கண் மூடிக் கும்பிடும்போது கடவுளிடம் மட்டும் சொல்வாள்.

அம்மாவின் சிரிப்பு அவளுக்கு மறந்துகொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அம்மாவின் முகம் வரும். ஆனால் அம்மா சிரிக்கத் தொடங்கினால் போதும், படம் அப்படியே நின்றுவிடும். குரல் மட்டும் சிரிக்கும். சிரிக்கும்போது அம்மாவின் கன்னம் மேலே ஏறுமா? மூக்கு என்ன ஆகும்? யோசிக்க யோசிக்க, பென்சில் படத்தை ரப்பரால் தேய்த்தது போல எல்லாம் மங்கியது.

ஆல்பத்தில் அம்மாவின் படங்கள் மூன்றே மூன்றுதான் இருந்தன. மூன்றிலும் அம்மா கண்ணை அகல விரித்து, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நின்றார். அது அம்மாதான். ஆனாலும் அம்மா இல்லை.

ஒருநாள் கம்ப்யூட்டர் பாதி வேலையில் நின்றுபோனது. 'டிஸ்கில் இடம் இல்லை' என்றது.

"இனி இதைக் கட்டி இழுக்க முடியாது. புதுசு வாங்கிடலாம்," என்றார் அப்பா.

மிளகு தன் ஸ்கேலை எடுத்து வந்து மேசையை அளந்தாள். ஒரு பக்கம் பிரிண்டர், மறுபக்கம் சுவர். "இருபத்திரண்டு சென்டிமீட்டர்தாம்ப்பா இருக்கு. அதுக்குள்ள அடங்குற கம்ப்யூட்டரா பாருங்க."

கம்ப்யூட்டர் கடையில் இருந்த அக்கா ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"ஐய! என் சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கு," என்றாள் மிளகு.

"அளவைப் பாத்து ஏமாந்துடாத. உன்னைப் பாத்தா இவ்வளவு பேசுவேன்னு யாராவது சொல்வாங்களா?" அக்கா சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "சார், படம் திருத்துறதுக்கு மெமரி நிறைய வேணும். இதுல தாராளமா இருக்கு. ஆனா உள்ள இருக்கிற டிஸ்க் சின்னது."

"மெமரி வேற, டிஸ்க் வேறயா?" என்று கேட்டாள் மிளகு.

"மெமரிங்கிறது வேலை செய்யற மேசை. டிஸ்குங்கிறது எடுத்து வைக்கிற அலமாரி. இதுல மேசை பெருசு, அலமாரி சிறுசு. இப்ப திருத்துற படங்களை மட்டும் உள்ள வச்சுக்கிட்டு, பழசையெல்லாம் வெளியில தனி டிஸ்க்ல போட்டு வைக்கணும். அதுவும் ரெண்டு டிஸ்க். ரெண்டுலயும் அதே படங்கள்."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு இருக்கும்ல? அதையும் வேற ஒரு வீட்டுல வைக்கணும். உங்க வீட்டுக்குள்ள தண்ணி புகுந்தா ரெண்டும் சேர்ந்தா நனையணும்?"

அக்கா இரண்டு வகை டிஸ்குகளைக் காட்டினார். ஒன்று தீப்பெட்டி போல இருந்தது. மிகவும் வேகமானது. இன்னொன்று தடிப் புத்தகம் போல இருந்தது. அது மெதுவானது, ஆனால் நான்கு மடங்கு படங்களை வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் விலை ஒன்றுதான்.

அப்பா யோசிக்கவே இல்லை. "வேகமானதே குடுங்க. மெதுவா இருந்து ஒம்பது வருஷம் பட்டாச்சு."

"உங்க படமெல்லாம் இதுல அடங்குமா சார்?"

"பாதி படம் எதுக்கும் ஆகாதது. கண்ணு மூடினது, கை ஆடினது. 'வேண்டாதவை'ன்னு தனியாப் போட்டு வச்சிருக்கேன். அதை அழிச்சுட்டா அடங்கிடும்."

"சரி, அழிச்சுட்டு நாளைக்கு வாங்க. எடுத்து வைக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேமராப் பையைத் தோளில் மாட்டினார். பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தையைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. "வந்து அழிச்சுக்கலாம்," என்றார்.

"அதுக்குள்ள நான் ஒரு தடவை பாத்துடட்டுமாப்பா? டாட்டாகூட சொல்லாம அனுப்பினா பாவம் இல்ல?"

"தாராளமா சொல்லு. சாயங்காலம் வரைக்கும் சொன்னாலும் தீராது," என்று சொல்லிவிட்டு அப்பா போனார்.

பழைய கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே ஒவ்வொரு படமாகத் திறந்தது. ஒரு மாப்பிள்ளை தும்மினார். ஒரு தாத்தா கொட்டாவி விட்டார். வாய்க்குள் இரண்டே பற்கள் தெரிந்தன. ஒரு பாப்பா கேமராவை நக்க வந்தது. "டாட்டா மாப்பிள்ளை, டாட்டா தாத்தா," என்று சொல்லிக்கொண்டே வந்த மிளகு சட்டென்று நிறுத்தினாள்.

யாரோ வீட்டுப் பிறந்தநாள் விழா. கூட்டத்தின் ஓரத்தில் அம்மா.

அம்மாவின் கண்கள் இறுக மூடியிருந்தன. ஆனால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய, முகம் நிறைய. கன்னங்கள் மேலே ஏறி, மூக்கின் மேல் மூன்று சுருக்கங்கள் விழுந்திருந்தன.

"மூக்கு!" என்றாள் மிளகு. "மூணு கோடு!"

அடுத்த படத்தைத் திறந்தாள். அதற்கடுத்ததைத் திறந்தாள். அம்மா நிறைய இருந்தார். தண்ணீர்க் குடத்தோடு, குடையோடு, கைக்குழந்தை மிளகோடு. எல்லாவற்றிலும் சிரிப்பு. எல்லாவற்றிலும் கண் மூடியிருந்தது. கேமரா வெளிச்சம் பளிச்சென்று அடித்தால் அம்மாவுக்குக் கண் மூடிவிடும். கஷ்டப்பட்டு விரித்து வைத்த மூன்று தடவை எடுத்தவைதான் ஆல்பத்துக்குள் போயிருந்தன.

அப்பா எப்போது திரும்பி வந்தார் என்று மிளகுக்குத் தெரியவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் அவர் அசையாமல் நின்றிருந்தார்.

"ஒவ்வொரு படத்தையும் நான்தான் பாத்து ஒதுக்கினேன்," என்றார் மெல்ல. "கண்ணு திறந்திருக்கான்னு மட்டும்தான் பாத்திருக்கேன் போலிருக்கு."

மிளகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவால்லப்பா. நல்லவேளை, நீங்க சோம்பேறி. அப்பவே அழிக்கல."

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். "சரி, அம்மா படத்தை மட்டும் தனியா எடுத்து வச்சுட்டு, மத்ததை..."

"இருங்கப்பா." மிளகு வேறொரு படத்தைத் திறந்தாள். "இந்த அத்தை யாருன்னு தெரியுதா?"

பள்ளி விழாப் படம். ஓர் அம்மாள் கண் மூடி, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே கடிகாரக்கடை வைத்திருக்கும் மாமாவின் மனைவி. போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனவர்.

"மாமா வந்து கேட்டப்ப, 'ஒரு படம்கூட இல்லண்ணே'ன்னு சொன்னீங்களேப்பா."

அப்பா பிரிண்டரைப் போட்டார்.

கடிகாரக்கடை மாமா ஒற்றைக் கண்ணில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு வேலையில் இருந்தார். மிளகு படத்தை நீட்டினாள்.

"கண்ணு மூடியிருக்கு மாமா. இருந்தாலும் கொண்டு வந்தேன்."

மாமா கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தன.

"என்கிட்ட சண்டை போட்டு ஜெயிச்சா இப்படித்தான் சிரிப்பா," என்றார் கடைசியில். "தினமும் ஜெயிச்சா." பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு என்னம்மா வேணும்? கேளு."

மிளகு கொஞ்சம் யோசித்தாள். "உங்ககிட்ட தண்ணி படாத மேசை டிராயர் ஒண்ணு இருக்கா மாமா?"

மறுநாள் கடையில் அக்கா தீப்பெட்டி டிஸ்குகளை எடுத்து வைத்திருந்தார். மிளகு அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, அந்தத் தடி டிஸ்கை வாங்கலாம். எல்லாரும் அடங்குவாங்க."

"அது மெதுவாச்சே மிளகு."

"திருத்துற படமெல்லாம் டப்பாக்குள்ளயே இருக்கும்னு அக்கா சொன்னாங்கல்ல? அதெல்லாம் வேகமா ஓடும். பழைய படத்துக்கு என்னப்பா அவசரம்? மெதுவா வரட்டும். வந்தாப் போதும்."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "ரெண்டும் தடியாவே குடுங்கம்மா."

சாப்பாட்டு டப்பா கம்ப்யூட்டர் இருபத்திரண்டு சென்டிமீட்டருக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு தடி டிஸ்க் அதன் பக்கத்தில் இருந்தது. இன்னொன்று எதிர்க்கடையில், கடிகாரக்கடை மாமாவின் பூட்டிய டிராயரில் இருந்தது. 'வேண்டாதவை' என்ற பெயரை அப்பா தானே மாற்றி, 'கண் சிமிட்டியவர்கள்' என்று எழுதினார். தும்மின மாப்பிள்ளையும் இரண்டு பல் தாத்தாவும்கூட அதில் பத்திரமாக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் வந்தார். மிளகு போனைத் திருப்பிக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள். அங்கே அம்மா, பிறந்தநாள் விழாவின் ஓரத்தில், கண்ணை இறுக மூடி நின்றிருந்தார்.

"ஐயையோ!" என்று அலறினார் அம்மா. "அதைப் போய் யாராவது வச்சிருப்பாங்களா? ஏங்க, நீங்களுமா? அழிங்க, முதல்ல அழிங்க!"

"முடியாதும்மா," என்றாள் மிளகு. "இடம் நிறைய இருக்கு."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். வழக்கம் போல போனில் படம் அப்படியே நின்றது. குரல் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.

மிளகு தலையை நிமிர்த்திக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். காதில் கேட்ட அந்தச் சிரிப்பு அங்கே முழுசாக இருந்தது, மூக்கின் மேல் மூன்று கோடுகளோடு.