ஐயாயிரத்து நாற்பது

காலை 6.20. விஷ்ராந்த்வாடி ஃபிளாட்டில் துரைசாமி செத்துச் சில்லிட்டுக் கிடந்தார். வெடிமருந்து ஃபேக்டரியில் முப்பது வருஷம் உழைத்த உடம்பைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. ஆனால் கொன்றது அதுவல்ல. வலி மாத்திரையில் பதினெட்டைக் காணோம். மாத்திரைப் பெட்டியோ கீறல்கூட இல்லாமல் பூட்டியபடியே இருந்தது.

9.05. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்ட இன்ஸ்பெக்டர் கீர்த்தி அந்தப் பெட்டியை முறைத்தாள். மூடியில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்துப் பொத்தான்கள்.

"நம்பர் யாருக்குத் தெரியும்?"

"ஐயாவுக்கும் எனக்கும்தான் மேடம்," என்றாள் நர்ஸ் ருக்மிணி. "நாலு பட்டன். ஞாயித்துக்கிழமைதான் வாங்கி என் பீரோல வெச்சேன்."

"நேத்து வெளிய போனீங்களா?"

"சாயங்காலம் பால் வாங்க. அரை மணி நேரம்."

கீர்த்தி, துரைசாமியின் மகன் ஜெயந்த் பக்கம் திரும்பினாள். ஆன்லைனில் கணக்கு எடுக்கும் வாத்தியார்.

"நீங்க பெட்டியைத் தொட்டீங்களா?"

"கண்ணாலகூடப் பார்த்ததில்ல. பத்து இன்ட்டு ஒம்பது இன்ட்டு எட்டு இன்ட்டு ஏழு, ஐயாயிரத்து நாப்பது. ஒண்ணுக்கு அஞ்சு செகண்டுன்னாலும் ஏழு மணி நேரம். நம்பர் தெரிஞ்சவதான் திறந்திருக்கா. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க, பத்து மணிக்கு எனக்கு கிளாஸ்."

அடப்பாவி! அப்பன் பிணம் அடுத்த அறையில் கிடக்கிறது. கான்ஸ்டபிள் கையைப் பிடித்ததும் ருக்மிணி ஓவென்று அழுதாள். கீர்த்தியின் கண் துரைசாமியின் அறைக் கதவுக்குப் போனது. கீழிடுக்கில் பழைய போர்வை திணித்திருந்தது.

"இது எதுக்கு?"

"முனகல் மைக்ல விழுது. பசங்க சிரிக்கறாங்க."

9.40. ருக்மிணியைப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள் கீர்த்தி. பிறகு அதே நான்கு பொத்தான்களைத் தானும் அழுத்தினாள், வழக்கம்போல வரிசையைக் குழப்பிக்கொண்டு. அதற்கும் திறந்தது!

"சார், இந்தப் பூட்டுக்கு வரிசையே வேண்டாம். எந்த நாலுன்னு தெரிஞ்சா போதும். நாலு பட்டனுக்கு இருபத்துநாலு வரிசை, உங்க கணக்கை அதால வகுங்க. இருநூத்திப் பத்து. பதினேழரை நிமிஷம்."

"முடியும்னா, நான்தான் செஞ்சேன்னு ஆயிடுமா?"

"ஆகாது. ஆனா நாலு இலக்கப் பூட்டுன்னா எனக்கே தெரியும், பத்தாயிரம். ஒரே எண் ரெண்டு தடவை வரலாமே. இதுல அழுத்தின பட்டன் உள்ளேயே நின்னுடுது, மறுபடி அழுத்த முடியல. அதனாலதான் ஐயாயிரத்து நாப்பது. கண்ணாலகூடப் பார்க்காத பெட்டியைப் பத்தி உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

நுணலும் தன் வாயால் கெடும். பத்தாயிரம் என்று சொல்லியிருந்தால் அவன்மேல் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் வரிசை வேண்டாம் என்பதை மறைத்த அந்த வாத்தியாருக்கும், அழுத்தவே முடியாத எண்களைக் கணக்கில் சேர்க்க நாக்கு எழவில்லை.

ஜெயந்த் நாற்காலியில் சரிந்தான். "மோர்ல கரைச்சுக் குடுத்தேன். நல்லாருக்குடான்னு குடிச்சார்." சொல்லிவிட்டு, இன்னும் பெருமை போகாமல், "பூஜ்யத்துலேருந்து வரிசையா போனேன். நூத்தி நாப்பதாவதுல திறந்துச்சு," என்றான்.

10.00. லேப்டாப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராக 'குட் மார்னிங் சார்' போட்டுக்கொண்டிருந்தார்கள். ருக்மிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"மறக்காத நம்பரா சொல்லுங்கன்னு ஐயாகிட்டதான் கேட்டேன் சார். ஒண்ணு, ஒம்பது, எட்டு, ஏழுன்னார். நீங்க பொறந்த வருஷம்."