மூன்று மணிச் சுற்று

பீங்கான் அறையில் நின்று, சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீலக் குடுவைகளைப் பற்றி வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க நிறுத்திய நொடியில், பின்னாலிருந்த விருந்து அறையில் யாரோ மரத்தரையில் காலைத் தேய்த்து ஓர் எட்டு வைக்கும் ஓசை அரண்மனை வழிகாட்டி ரோஸ்விதாவுக்குக் கேட்டது.

அன்றைய மூன்று மணிச் சுற்றுக்கு ஒருவரும் வந்திருக்கவில்லை.

கேட்டது கம்பளிச் செருப்பின் ஓசை. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எல்லர்ஸ்டைன் அரண்மனையின் மரத்தரை முந்நூறு வருடப் பழசு. பார்க்க வருகிறவர்கள் தங்கள் காலணிக்கு மேலேயே பெரிய கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல், வழுக்கி வழுக்கித்தான் நடக்க வேண்டும். மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு பிரம்புக் கூடை நிறைய அந்தச் செருப்புகள் கிடக்கும். இருபத்தாறு வருடமாக அந்த ஓசை அவள் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. கூட்டமாக வந்தால் தூறல் போலிருக்கும். ஒற்றை ஆள் என்றால், யாரோ தூக்கத்தில் நீளமாக மூச்சு விடுவது போல.

இப்போது கேட்டது ஒற்றை ஆள்.

ஆள் வராத நாளில் சுற்றிக்காட்ட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அவளாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம்தான். கணவன் யோக்கன் போய் நான்கு வருடம். மகள் ஆன்ட்யே கீல் நகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். பத்து நிமிடம், அதுவும் பாத்திரம் கழுவிக்கொண்டே. முந்தைய குளிர்காலத்தில் ஒரு செவ்வாய் மாலை, கையிலிருந்து நழுவி உடைந்த கோப்பையைப் பார்த்து “ஐயோ” என்று சொன்னபோதுதான், இரண்டு நாளில் தான் பேசிய முதல் வார்த்தை அது என்று அவளுக்கு உறைத்தது. தொண்டையிலிருந்து வந்தது துருப்பிடித்த கதவுக் கீலின் சத்தம். மறுநாள் மூன்று மணிக்கு ஒருவரும் வராதபோது, அவள் மாடி ஏறி, செருப்பை மாட்டிக்கொண்டு, காலி அறைகளுக்கு முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் சொன்னாள். இறங்கி வரும்போது உடம்பு சூடாக இருந்தது. அதன் பிறகு ஆளில்லாத ஒரு நாளைக்கூட அவள் விடவில்லை.

டிக்கெட் அறையில் இருக்கும் டெட்லெஃபுக்கு இது தெரியும். இன்று போனோடு கைப்பையை அவன் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுச் சாவியை எடுத்தபோதும் கேட்டான்.

“இன்னிக்கும் போறியா ரோஸி? மேல குளிரு எலும்பைக் கடிக்குமே.”

“பழகிடுச்சு.”

“போ, போ. சுவத்துக்கும் காது இருக்காமே. உன் புண்ணியத்துல அதுக்கும் நாலு விஷயம் தெரியட்டும்.” வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். “நாலு மணிக்கு நான் பல் டாக்டர்கிட்ட கிளம்பிடுவேன். நீயே பூட்டிக்க. பேச்சு சுவாரசியத்துல அங்கயே உறைஞ்சு போயிடாதே.”

ஓசை கேட்டதும், யாரோ தாமதமாக வந்திருப்பார்கள், டெட்லெஃப் மேலே அனுப்பியிருப்பான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கேட்க ஓர் ஆள் வந்துவிட்டது என்று ஒரு சின்ன மகிழ்ச்சிகூட.

“வாங்க, வாங்க. இங்கதான் இருக்கோம்.”

அவள் திரும்பினாள். அந்த மாடியில் எல்லா அறைகளும் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்தன. கதவுகள் ஒரே நேர்கோட்டில் நின்றன. மெழுகு பூசிய தரை சாம்பல் நிற வெளிச்சத்தில் தண்ணீர் போலப் பளபளத்தது. விருந்து அறையின் வாசற்படியில் ஒரு சோடி கம்பளிச் செருப்பு இருந்தது. இரண்டும் சேர்த்து வைக்கப்பட்டு, நுனிகள் அவளைப் பார்த்தபடி. அதற்குள் கால் இல்லை. மேலே ஆளும் இல்லை.

“டெட்லெஃப்? பல்லு வலிக்கிற ஆளு பண்ற வேலையா இது?”

அவள் குரல் அறை அறையாகப் போய்த் தேய்ந்தது. பனியில் நனைந்து வந்தவர்களின் செருப்பில் எழுமே, அந்த ஈரக் கம்பளி வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது. வெளியே பத்து நாளாகப் பனி விழவில்லை.

செருப்பிலிருந்து பார்வையை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இடது செருப்பு ஒரு சாண் வழுக்கி முன்னால் வந்தது. ஸ்ஸ்ஸ். வலது செருப்பு வந்து அதன் பக்கத்தில் சேர்ந்துகொண்டது.

கத்தியிருக்க வேண்டும். ஆனால் இருபத்தாறு வருடப் பழக்கத்தில் அவள் வாயிலிருந்து வந்தது வேறு. “இந்தக் குடுவைகள்ல மூணு, தீ விபத்துல உடைஞ்சு போச்சு. ஒட்ட வெச்ச கோடு இன்னும் தெரியும்...”

செருப்புகள் நின்றன. அவள் சொல்லச் சொல்ல, வால் சுருட்டி உட்கார்ந்த நாயைப் போல, அவை அசையாமல் இருந்தன. எச்சில் விழுங்க நிறுத்தினாள். ஸ்ஸ்ஸ். ஒரு சாண். மறுபடி பேசினாள். நின்றது. மறுபடி நிறுத்தினாள். ஸ்ஸ்ஸ்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாடிப்படி அந்தச் செருப்புகளுக்கு அப்பால் இருந்தது. வேறு வழி கிடையாது. அவற்றைத் தாண்டி ஓட வேண்டுமானால் அந்த வெற்றிடத்தை, அங்கே நின்றுகொண்டிருப்பதை, தோள் உரசிக் கடக்க வேண்டும். அவள் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். பச்சை அறை. பட்டுச் சுவர்த்துணி, அதை நெய்ய எடுத்த ஏழு வருடம். சீமாட்டியின் படுக்கையறை. கட்டில் ஏன் இவ்வளவு குட்டை, அந்தக் காலத்தவர்கள் ஏன் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். வழக்கமாக எல்லோரும் சிரிக்கும் இடம் வந்தது. சிரிப்புக்காக நாக்கு தானாக நின்றது. ஸ்ஸ்ஸ்.

கடைசியில் கோபுர அறை. வட்டமான அறை, ஒரே கதவு. குளிர்காலத்துக்காகத் திருகி மூடிய இரட்டைக் கண்ணாடி ஜன்னல் மூன்று. சுற்று இங்கேதான் முடியும். சொல்ல வேண்டியதும் இங்கேயே முடியும்.

கீழே முற்றத்தில் டெட்லெஃப் தன் கார் கண்ணாடியில் குளிருக்குப் படிந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“டெட்லெஃப்! மேல வா! மேல வாடா, யாரோ இருக்காங்க! டெட்லெஃப்!” இரண்டு கையாலும் ஜன்னலை அறைந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். வாய் அசைவது அவனுக்குத் தெரிந்திருக்கும். குரல் போயிருக்காது. அவன் சிரித்தான். கையைத் தூக்கி, விரல்களை வாத்தின் அலகு போலத் திறந்து திறந்து மூடிக் காட்டினான். பேசு, பேசு. பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காருக்குள் ஏறினான். பின்விளக்கின் சிவப்பு மரங்களுக்கிடையே சிறுத்துப் போய் மறைந்தது.

அவள் திரும்பியபோது செருப்புகள் கோபுர அறையின் வாசலில் இருந்தன.

பேசினாள். அரண்மனையைப் பற்றிச் சொன்னதையே திரும்பச் சொன்னாள். செருப்பு லேசாக நகர்ந்தது. கேட்டதை மறுபடி கேட்க அதற்கு விருப்பமில்லை. புதிதாக வேண்டும். சிவப்பு முட்டைக்கோஸை ஆப்பிளோடு வேகவைப்பது எப்படி என்று சொன்னாள். வீட்டிலிருந்து அரண்மனை வரை பேருந்து நிற்கும் இடங்களைச் சொன்னாள். பள்ளியில் தன்னோடு படித்தவர்களின் பெயர்கள். ஆன்ட்யே பிறந்த இரவின் இடி.

மேல்தளத்தில் மின்விளக்கு கிடையாது. கூரை ஓவியங்களுக்குக் கேடு என்று கம்பியே இழுக்கவில்லை. ஜன்னலில் வெளிச்சம் நீலமாகி, கருநீலமாகி, ஒன்றுமில்லாமல் ஆனது. முதலில் வாசல் மறைந்தது. பிறகு செருப்பு. பிறகு அவள் கை.

பேசும்போது ஓசை கேட்காது. கேட்க வேண்டுமானால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வரும்.

குரல் கிழிந்துவிட்டது. காற்றுதான் வந்தது. ஆனாலும் பேசினாள். இருட்டுக்குள். எவ்வளவு தூரத்தில் என்று தெரியாமல். சொல்ல ஒன்றுதான் மிச்சமிருந்தது. மகளிடம்கூடச் சொல்லாதது.

“யோக்கன்... கடைசி ராத்திரி ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணான். மணி பதினொண்ணு. அவன்தான்னு தெரியும். எனக்கு அசதி. மூணு வாரமா தூக்கமில்லை. காலையில பேசிக்கலாம்னு... படுத்துட்டே எண்ணிட்டிருந்தேன். பதினாலு தடவை அடிச்சுது. அப்புறம் நின்னு போச்சு.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளிடம் ஒன்றுமில்லை.

நிறுத்தினாள்.

அமைதி.

செருப்பின் ஓசை வரவில்லை. அவள் காத்திருந்தாள். காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது. இன்னும் வரவில்லை. போய்விட்டதோ? முதல்முறையாக ஒரு முழு மூச்சு உள்ளே இழுத்தாள். ஈரக் கம்பளி.

அப்போதுதான் காலில் உணர்ந்தாள். இரண்டு பெருவிரல்களின் மேலும். மெத்தென்று. கனமாக. நுனியோடு நுனி.

ஓசை வருவதற்குத் தூரம் மிச்சமில்லை.

அவள் முகத்துக்கு நேரே, இருட்டு ஆவலோடு குனிந்தது.

“அப்புறம்?”