தலைவரின் வாகனத்துக்குச் சோறு தீத்தியது

ஏற வேண்டிய முள் இறங்கியது.

வாவியோர வீதியில் மதுரன் அக்சிலேட்டரை அழுத்திய ஒவ்வொரு முறையும், பொனட்டுக்குக் கீழே எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சுப்பர்சார்ஜர் ஊளையிட, காற்றோடு சேர்ந்து உயர வேண்டிய பெற்றோல் அமுக்கம் மானியில் சரிந்தது. சரியும்போதெல்லாம் பின்னால், பெற்றோல் தாங்கி இருக்கும் பக்கத்திலிருந்து, தாகம் எடுத்த யாரோ செம்பைக் கவிழ்த்துக் குடிப்பதுபோல மடக் மடக்கென்று ஒரு சத்தம் வந்தது.

அந்த பிக்கப் வாகனம் தலைவர் நாகரெத்தினத்துடையது. எதற்குத் தலைவர் என்று யாரும் கேட்பதில்லை. பல சங்கங்கள், அவற்றில் சிலவற்றுக்கு அவர் மட்டுமே உறுப்பினர். கிரானில் இருக்கும் தன் வயல்வட்டைக்குப் போய், வரம்பில் நின்று வேலை செய்பவர்களுக்குக் கைகாட்டித் திரும்புவதற்காக டுபாயிலிருந்து சுப்பர்சார்ஜர் இறக்கினார். போன கிழமை மதுரன் அதற்கு ஏற்ற பெரிய பெற்றோல் பம்பு போட்டுக் கொடுத்தான். அவன் கராச் வாசலில் 'சர்வதேச எஞ்சின் நிபுணர்' என்று பலகை தொங்கியது. சர்வதேசம் என்பது கைபேசியில் பார்த்த வீடியோக்கள். கராச் நிற்பது தலைவரின் காணியில். நாளை ஊர்வலத்தில் பிக்கப் முன்னால் போகாவிட்டால் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்.

கராச்சுக்குத் திரும்பி, பம்புக்குப் போகும் வயரைத் தடிப்பாக மாற்றினான். அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வையும் மாற்றினான். மிஞ்சிய பெற்றோல் தாங்கிக்குத் திரும்பும் குழாயை நெரித்துப் பார்த்தான். முள் அசையவில்லை, விழுந்த இடத்திலேயே கிடந்தது. தாங்கியின் காற்றுத்துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் திறந்தான். காற்று உள்ளே இழுபட வேண்டும். வெளியே வந்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக, பெற்றோல் நெடிக்கு அடியில் குழந்தை கக்கிய பாலின் புளித்த நாற்றத்தோடு முகத்தில் பட்டது. நின்றது. மறுபடியும் பட்டது.

துப்பிவிட்டுத் தலைவருக்கு அழைத்தான். தாங்கிக்குள் ஏதும் போட்டீர்களா என்று கேட்டதும் அவர் குரல் பெருமையில் தடித்தது.

"புதுப் பம்பு போட்டாப் புதுப் பிறவிதானே மனே. நல்ல நேரம் பாத்துச் சோறு தீத்தினன். வெள்ளிக் கரண்டி. வந்த ஆக்களெல்லாம் ஒவ்வொரு கரண்டி புக்கை தீத்தினவங்க."

மதுரனுக்கு உயிர் வந்தது. பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுவதுபோல பிக்கப்புக்கும் தீத்தியிருக்கிறார்கள். சோறு பம்பின் வடிகட்டியை அடைத்துவிட்டது. அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே தாங்கிக்கு மேலே இருந்த பின்இருக்கையைக் கழற்றிப் பம்பை வெளியே தூக்கினான்.

சோறு இல்லை. ஒரு பருக்கைகூட இல்லை. புது வடிகட்டித் துணி சப்பிய வெற்றிலைபோல நைந்து கிடந்தது. அதிலிருந்து எச்சில் நூல்நூலாக வழிந்து அவன் மணிக்கட்டில் ஒட்டியது. மடிப்புக்குள் வெள்ளையாக ஒன்று. நகத்தால் நெம்பினான். பல். பால்பல். வேரில் ஈறு இருந்தது.

ரயருக்குப் பக்கத்தில் குந்தி வாந்தி எடுத்தான்.

மறுபடி அழைத்ததும் தலைவர் வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார். பல்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கைச் சுளிப்பார், வீசி எறிவார் என்று மதுரன் நினைத்தான். அவர் அதைச் சால்வையில் துடைத்தார்.

"நம்மட பல்லு மாதிரித்தான் இரிக்கு."

கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பழைய பெற்றோல் சரிவராது, குழாயால் இழுத்து வெளியே ஊற்றிவிட்டுப் புதிது அடி என்றார். மதுரன் இதில் வாய் வைக்க மாட்டேன் என்றான். தலைவர் தலையை நிமிர்த்திக் கூரைத் தகரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மதுரன் கண்ணாடிக் குழாயை எடுத்தான். வளையும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஓடுவது தெரியும். ஒரு முனையைத் தாங்கிக்குள் விட்டான். முழந்தாளிட்டான். மற்ற முனையை வாயில் வைத்து இழுத்தான்.

வரவில்லை.

கன்னம் ஒட்ட இழுத்தான். குழாய் இலேசாகக் குலுங்கியது. அந்தப் பக்கம் ஏதோ கவ்வியது. மெத்தென்று.

அதுவும் இழுத்தது.

வாயை எடுக்கப் பார்த்தான். எடுபடவில்லை. உதடு உள்ளே போனது. பிறகு நாக்கு. பம்பரில் கையை ஊன்றித் தள்ளினான். கத்தினான். சத்தமும் குழாய்க்குள்ளேயே போனது. மடக். மடக்.

தலைவர் குனிந்து, பிக்கப்பின் மட்கார்டைப் பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோலத் தடவினார்.

"மெதுவா, மெதுவா மகன். விக்கும்."

கண்ணாடிக் குழாயில் மதுரனின் நாக்கு, மெலிந்து, நீண்டு, இளஞ்சிவப்பாக, தாங்கியின் வாயைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது.